வெள்ளை பூத்த மேஜை

காலை பத்து மணிக்கு முன்னால் நான் மரத்துக்குப் பாலிஷ் போடுவதில்லை. அதுவரை காற்றில் ஈரம் இருக்கும். பாலிஷுக்கான அரக்கைக் கரைக்கும் ஸ்பிரிட் அந்த ஈரத்தை இழுத்துக்கொள்ளும். தண்ணீர் சேர்ந்த ஸ்பிரிட்டில் கரைத்த அரக்கு காய்ந்ததும் பால் கொட்டியதுபோல் வெள்ளை பூத்துவிடும். முழுக்கச் சுரண்டி எடுக்க வேண்டும்.

அந்த மழைக்காலத்தில் அடுத்தடுத்து மேஜைகள் அப்படிப் போயின.

வீட்டை ஒட்டிய பட்டறையில் நாங்கள் இருவர்தான். நானும் என் தங்கையின் புருஷனும். அவனுக்கு ஸ்பிரிட்டைக் குடிக்கும் பழக்கம் உண்டு. நாங்கள் வாங்குவது ஆளைக் கொல்லாத ரகம். குடித்த அளவுக்குத் தண்ணீரை ஊற்றி மட்டத்தைச் சரிசெய்கிறான் என்று எனக்குப் புரிந்தது. கேட்டேன்.

"குடிச்சேன், இல்லைங்கல. ஆனா தண்ணி கலக்குறது எங்க பரம்பரைக்கே கிடையாது மச்சான்."

தங்கை வாய்விட்டுச் சிரித்தாள். எனக்கும் சிரிப்பு வந்தது. அவனை எல்லோருக்கும் பிடிக்கும்.

மர ஸ்பிரிட் என்று ஒன்று இருக்கிறது. அரக்கை நன்றாகவே கரைக்கும். குடித்தால் கண் போகும், அதிகமானால் உயிர் போகும். கேனில் மண்டையோடு போட்டிருக்கும். வாங்கி வந்து எங்கள் பழைய டப்பாவில் ஊற்றினேன். அந்த டப்பாவின் மூடி தொலைந்து நாளாகிவிட்டது. கந்தல் துணியைச் சுருட்டி அடைத்து வைப்பேன். கேனை நசுக்கிக் குப்பையில் போட்டேன். அவனிடம் சொல்லவில்லை. என் பொருளை நான் மாற்ற யாரிடம் சொல்ல வேண்டும்?

உயிர் போகக்கூடாது என்பதில் கவனமாக இருந்தேன். அளவு பார்த்துத்தான் ஊற்றினேன். தங்கை விதவையாவதை எந்த அண்ணன் விரும்புவான்?

மறுநாள் காலை பாயில் எழுந்து உட்கார்ந்து, "மச்சான், எங்க பார்த்தாலும் நம்ம மேஜை மாதிரி வெள்ளையா இருக்கு" என்றான். தங்கை ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்று அழுதாள். போதை இறங்கினால் சரியாகிவிடும், தூங்கட்டும் என்றேன். சாயங்காலம்வரை அவளை வாசலைத் தாண்ட விடவில்லை. சீக்கிரம் வந்திருந்தால் கண்ணைக் காப்பாற்றியிருக்கலாம் என்று டாக்டர் சொன்னார். அது எனக்குத் தெரியும்.

இப்போது அவன் உப்புத்தாள் போட்டு மரம் தேய்க்கிறான். அந்த வேலைக்குக் கண் வேண்டாம். முன்பைவிட நன்றாகவே தேய்க்கிறான். குடிப்பதில்லை. சொல்லப்போனால், அந்தக் குடும்பத்தைக் கரையேற்றியது நான்தான்.

நேற்று மழை. பாலிஷ் போட்டு வைத்திருந்த மேஜையை அவன் விரலால் தடவிப் பார்த்து, "கண்ணாடி மாதிரி வந்திருக்கா மச்சான்?" என்றான். மேஜை முழுக்க வெள்ளை பூத்திருந்தது.

தங்கை மேஜையைப் பார்த்தாள். டப்பாவின் வாயில் ஈரம் ஊறிக் கிடந்த கந்தலை உருவிக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள்.

"இப்ப யாருண்ணா தண்ணி ஊத்துறது?"