தரைவிரிப்பின் கீழ் ஒரு தராசு

ஹெலிகாப்டர் வாங்குவதும் தங்கைக்கு மாப்பிள்ளை பார்ப்பதும் ஏறக்குறைய ஒரே வேலைதான், ஐயா. இரண்டிலும் தரகர் சொல்வதில் பாதியைக் கழித்துவிட வேண்டும். புகைப்படத்தின் பளபளப்பை நம்பக் கூடாது. முன்னர் எங்கேனும் விழுந்து எழுந்ததுண்டா என்று நாசூக்காக விசாரிக்க வேண்டும். எங்கள் குடும்பத்தில் இரண்டையும் தேர்ந்தெடுத்தவன் நான். இரண்டும் நல்ல தேர்வு என்றே அந்நாளில் எல்லோரும் சொன்னார்கள்.

நீங்கள் விசாரணை அதிகாரி, நிதானமாகக் கேட்கிறீர்கள். நானும் நிதானமாகவே சொல்கிறேன்.

எங்கள் விடுதி ஒரு தீவில் இருப்பது தங்களுக்குத் தெரியும். முதலாளி என் அண்ணன், நிர்வாகி நான். விருந்தினர் முன்பெல்லாம் படகில்தான் வந்தார்கள். அந்த நீரிணையின் அலை அலாதியானது. தேனிலவுக்கு வரும் தம்பதியர் கரையேறும்போது ஒருவர் முகத்தில் ஒருவர் விழிக்க விரும்பாத நிலையில் இருப்பார்கள். அடுத்த தீவின் விடுதிக்காரர் ஹெலிகாப்டர் வாங்கிய அன்று, அண்ணன் நெடுநேரம் வானத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"அவன் நம்ம தலைக்கு மேல ஆளுங்கள இறக்குறான். நாம இன்னும் வாந்தி வாளி கழுவிக்கிட்டு இருக்கோம். ஒண்ணு பாரு. ஆனா கட்டுப்படியாகிற மாதிரி பாரு."

பார்த்தேன். இரட்டை எஞ்சின் கொண்ட ஒன்று வந்தது; அதன் விலையைக் கேட்ட அண்ணன் விலைத்தாளை மடித்து என் சட்டைப்பையிலேயே திணித்தார். பெரிய ஒற்றை எஞ்சின் ஒன்று வந்தது; பராமரிப்புச் செலவு யானை கட்டித் தீனி போடுவது போல் இருந்தது. மூன்றாவது ஒரு சிறு வண்டி. விமானியைத் தவிர மூவர் அமரலாம். பழையதுதான், ஆனால் பார்வைக்குச் செல்லமாக இருந்தது. எங்கள் பணியாட்கள் அதற்குச் "சிட்டு" என்றே பெயர் வைத்துவிட்டார்கள்.

என் தங்கையின் கணவர் ஒரு விமானி. வேறோர் ஊரில் வேறொருவருக்காகப் பறந்துகொண்டிருந்தவரை, குடும்பத்துச் சோறு குடும்பத்துக்கே ஆகட்டும் என்று அழைத்து வந்தவனும் நானே. சிட்டை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தார்; கதவைத் திறந்தார்; மூடினார்.

"மச்சான், இதுல விருந்தாளிக்கு மூணு சீட்டு இருக்கு. மூணு பேர் போகலாம்னு அர்த்தம் இல்ல."

"பிறகு எதுக்கு மாப்பிள்ளை சீட்டு? அழகுக்கா?"

"ஒல்லியா இருந்தா மூணு பேர். வெயில் ஏறிடுச்சுன்னா காத்து லேசாயிடும், வண்டிக்குப் பிடிமானம் கிடைக்காது. அப்ப ரெண்டு பேர். அதுவும் இல்லாம நீங்க தென்னந்தோப்புக்கு நடுவுல இறக்குற இடம் போட்டிருக்கீங்க. நேரா மேல தூக்கித்தான் மரத்தைத் தாண்டணும். ரெண்டு மரத்தையாவது வெட்டுங்க."

மரங்களை வெட்ட அண்ணன் இசையவில்லை. அவை எங்கள் விளம்பரப் படத்தில் இருந்தன. மாப்பிள்ளை விளம்பரப் படத்தில் இல்லை.

ஆயினும் மாப்பிள்ளை ஒன்றில் மட்டும் விடாப்பிடியாக நின்றார். ஏறும் முன் ஒவ்வொருவரின் எடையையும் பார்த்தாக வேண்டும் என்றார். இங்கே எங்கள் தொழிலின் தர்மத்தைத் தாங்கள் புரிந்துகொள்ள வேண்டும். நாடிவந்த விருந்தினரை இன்முகம் காட்டி, இருக்கை தந்து, குறிப்பறிந்து பேணுவதே விருந்தோம்பல். அவர்களைத் தராசில் ஏற்றி நிறுத்துவது காய்கறி வணிகம். "நீங்க எத்தனை கிலோ?" என்று ஒரு சீமாட்டியிடம் கேட்டுவிட்டு, பின்னர் அவருக்கு எந்த இன்சொல்லைச் சொல்லி ஈடுசெய்வது?

வழியைக் கண்டுபிடித்தவன் நான். அதில் இன்றும் எனக்குச் சற்றே பெருமைதான். கிடங்கில் மூட்டைகளை நிறுக்கும் மேடைத் தராசு ஒன்று இருந்தது. அதைப் புறப்பாட்டு மண்டபத்தின் தரையில் பதித்து, மேலே செந்நிறத் தரைவிரிப்பை விரித்தோம். விருந்தினர் பைகளோடு அங்கே வந்து நிற்பார்கள், குளிர்பானம் தருவோம், நினைவுக்கு ஒரு புகைப்படம் எடுப்போம். படத்துக்கு நிற்பவர்கள் அசைவதில்லை அல்லவா? உள்ளறையில் பொருத்தியிருந்த தராசின் முள் அசையாமல் எண்ணைக் காட்டும். மாப்பிள்ளை அதைப் பார்த்துவிட்டுப் புன்னகையோடு வெளியே வருவார். எவர் மனமும் கோணவில்லை. மாப்பிள்ளை என் கையைப் பற்றிக் குலுக்கினார்.

"மச்சான், மூளைன்னா இதுதான்."

அவர் என்னை மனதாரப் புகழ்ந்த நாள் அது. அதையும் நான் மறக்கவில்லை.

சிக்கல் அவருடைய நேர்மையால் வந்தது. முள் சற்றே கூடிவிட்டால் போதும். பைகளை இறக்கினார், சில சமயம் ஆளையே இறக்கினார். ஒருநாள் புதுமணப்பெண் ஒருத்தியை நிறுத்திவிட்டுக் கணவனையும் மாமியாரையும் மட்டும் ஏற்றிச் சென்றார். முதல் பயணத்துக்கு அந்தச் சேர்க்கைதான் வரம்புக்குள் வந்ததாம். அந்தப் பெண் எங்கள் விடுதியைப் பற்றி ஊரறிய எழுதியவற்றை நான் மீண்டும் சொல்ல விரும்பவில்லை. அண்ணன் என்னை அழைத்தார்.

"ஒரே குடும்பத்துக்கு ரெண்டு தடவை பறக்கிறதுக்கு எதுக்குடா இது? படகே தேவலாம். உன் மாப்பிள்ளைய ஒழுங்கா ஏத்தச் சொல்லு. இல்லன்னா ஏத்துறவனா ஒருத்தனக் கூட்டிட்டு வா."

மாப்பிள்ளையின் வேலை போனால் என் தங்கைதானே கண் கலங்குவாள்? அவளுக்காகவே அதைச் செய்தேன். தராசின் பின்புறம் ஒரு திருகு உண்டு. அதைச் சிறிது திருப்பினேன். வெறுமையாக இருக்கும்போது முள் பூச்சியத்தில்தான் நிற்கும். ஆள் ஏறினால் மட்டும் கொஞ்சம் நாணம் கொள்ளும். அவ்வளவே. பெண்கள் தங்கள் வயதைக் குறைத்துச் சொல்வதில்லையா, அதுபோல.

ஒன்றும் நிகழவில்லை. குளிர்ந்த மாதங்கள், சிட்டு முனகிக்கொண்டே ஏறியது. அண்ணன் மகிழ்ந்தார். ஆகவே இன்னும் சிறிது திருப்பினேன். ஒன்றும் நிகழாதபோது அதை இறைவனின் இசைவு என்று கொள்வதில் தவறென்ன என்று எனக்குத் தோன்றியது.

மாப்பிள்ளை மட்டும் முகம் வாடியிருந்தார்.

"வண்டி வரவர சோம்பேறி ஆயிடுச்சு மச்சான். மரத்தைத் தாண்டுறப்போ மூச்சு வாங்குது. எஞ்சினப் பாக்கச் சொல்லணும்."

மெக்கானிக் வந்தார்; பிரித்தார்; பூட்டினார். எஞ்சினில் குறையில்லை என்றார். அவர் சொன்னது உண்மை. மாப்பிள்ளை குழம்பிப்போய் நின்றதைப் பார்க்கப் பாவமாக இருந்தது. ஏதேனும் ஒரு காரணம் கொடுத்தால் மனிதன் நிம்மதியடைவான் என்று எண்ணினேன்.

"எஞ்சினும் இல்ல, ஒண்ணும் இல்ல. கண்ணாடியில பாத்தீங்களா? தங்கச்சி சமையல் உங்களுக்கு நல்லாவே ஒத்துக்கிச்சு மாப்பிள்ளை."

அவர் சிரித்தார். ஆனால் எதையும் மனத்துக்கு எடுத்துக்கொள்ளும் இயல்பினர். இரவு உணவை நிறுத்தினார். பிறகு காலை உணவையும். தங்கை என்னிடம் வந்து முறையிட்டாள்.

"சின்னண்ணா, நீங்க என்ன சொன்னீங்க அவர்கிட்ட? தட்டுல போட்டத அப்படியே வெச்சுட்டு எழுந்திருக்கிறார். கேட்டா, நான் ஒரு கிலோ குறைஞ்சா விருந்தாளிங்க பை ஒண்ணு கூடப் போகும்கிறார்."

"நல்லதுதானேம்மா. தொந்தி குறையும்."

சில நாள் கழித்து மாப்பிள்ளை தாமே அந்தத் தரைவிரிப்பின்மேல் ஏறி நின்று, என்னை உள்ளே போய் முள்ளைப் பார்க்கச் சொன்னார். பார்த்துச் சொன்னேன். எதிர்பார்த்ததைவிட நன்றாகவே இளைத்திருந்தார். அவருடைய முகத்தில் எழுந்த மகிழ்ச்சியைத் தாங்கள் பார்த்திருக்க வேண்டும். திருகின் பங்கு இவ்வளவு, பட்டினியின் பங்கு இவ்வளவு என்று பிரித்துச் சொல்லி அதைக் கெடுக்க எனக்கு மனம் வரவில்லை.

பின்னர் கோடை வந்தது. அந்த நண்பகலில் மூவர் புறப்பட்டார்கள்: ஒரு தம்பதி, அந்த அம்மையாரின் தம்பி. மூவரும் உடல்வளம் மிக்கவர்கள். நகைச்சுவை உணர்வும் மிக்கவர்கள். தரைவிரிப்பின்மேல் தோளோடு தோள் சேர நின்றார்கள். "நாங்க மூணு பேரும் ஒரே படத்துல அடங்குவோமா தம்பி?" என்று அந்தக் கணவர் கேட்க, எல்லோரும் சிரித்தோம். மாப்பிள்ளை உள்ளே போனவர் நெடுநேரம் வரவில்லை. நான் எட்டிப் பார்த்தேன். முள்ளையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"கண்ணுக்கு வேற மாதிரி தெரியுது மச்சான். முள்ளு வேற சொல்லுது."

"கண்ண நம்புவீங்களா, தராச நம்புவீங்களா?"

அவர் கற்றவர். தராசை நம்பினார்.

சிட்டு எழுந்தது. தென்னையின் பாதி உயரம் வரை ஒழுங்காகத்தான் சென்றது. அதற்குமேல் ஏறவில்லை, இறங்கவும் இல்லை, யோசிப்பதுபோல் சற்று நின்றது. அதன் வால் ஓலையில் உரசியது. மற்றது தங்கள் அறிக்கையில் இருக்கிறது. நால்வர்.

தாங்கள் விசாரணைக்கு வருவதாகச் செய்தி வந்ததும் திருகைப் பழைய நிலைக்குத் திருப்பினேன். இறந்த பயணிகள் மூவரின் எடையைத் தாங்கள் கணக்கிட்டீர்கள். பாரம் வரம்பைத் தாண்டியிருந்தது. தராசின் முள் பூச்சியத்தில் நின்றதால் அது நல்ல நிலையில் இருப்பதாகக் கொண்டீர்கள். எனவே விமானி எண்ணைப் பார்த்தும் அலட்சியமாக ஏற்றியிருக்கிறார் என்ற முடிவை நோக்கித் தாங்களாகவே நடந்தீர்கள். நான் கைபிடித்து அழைத்துச் செல்லவில்லை. மாப்பிள்ளையின் இயல்பு என்னவென்று கேட்டீர்கள். கொஞ்சம் அவசரக்காரர் என்றேன். அது என் கருத்து. கருத்துக் கூற எவருக்கும் உரிமை உண்டு.

இறந்தவருக்குப் பழியால் என்ன நட்டம்? வேலையா போய்விடும்? இருக்கும் விடுதியைத்தானே காப்பாற்ற வேண்டும்.

திருகைத் திருப்பியபோது கண்ணாடி அணிய மறந்துவிட்டேன். கொஞ்சம் அதிகமாகவே திருப்பிவிட்டேன். நேற்றுத் தாங்கள் தேநீர்க் கோப்பையோடு தற்செயலாக அந்தத் தரைவிரிப்பின்மேல் நின்றீர்கள். உள்ளேயிருந்து தங்கள் உதவியாளர் எண்ணைப் படித்தார். ஒரே வாரத்தில் இத்தனை கிலோவா ஏறிவிட்டேன் என்று சிரித்தீர்கள். பிறகு சிரிப்பை நிறுத்தினீர்கள். தம் எடையைத் துல்லியமாக அறிந்த மனிதர் ஒருவர் எங்கள் மண்டபத்துக்கு வருவார் என்று நான் எதிர்பார்க்கவில்லை.

ஆம், திருப்பியவன் நானே. முதலில் குறைத்தவனும், பிறகு கூட்டியவனும்.

தங்கைக்கு இன்னும் தெரியாது. அவள் பழியைப் பற்றிக்கூட அதிகம் பேசுவதில்லை. "அவர் அப்படி ஏத்த மாட்டார், சின்னண்ணா" என்று ஒரே ஒரு முறை சொன்னாள். நான் தலைகுனிந்து நின்றதும் விட்டுவிட்டாள். அவள் திரும்பத் திரும்பக் கேட்பது வேறு.

"அன்னைக்காவது சாப்பிட்டாரா?"

அன்று காலை முதல் அவர் தண்ணீரைத் தவிர ஒன்றும் தொடவில்லை. என்னோடு அமர்ந்து வயிறார உண்டார் என்று அவளிடம் சொன்னேன். அதன்பின் அவள் சற்றே அமைதியாக உறங்குகிறாள். எதையும் மறைக்க வேண்டாம் என்று தாங்கள் கேட்டுக்கொண்டதால் சொல்கிறேன்: இந்த விவகாரம் முழுவதிலும் நான் சொன்ன பொய் அது ஒன்றுதான். அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.