இடது ஓரத்தில் ஆளில்லை

கந்தவேல்: ...நிறுத்து, நிறுத்து! இங்கனதான். செல்லு இப்பிடிக் குடு.

தமிழ்மதி: அந்த மேட்ச் வீடியோவ எத்தன தடவ பாப்பீங்க மாமா! பூண்டுக்காட்டுல சோலி கெடக்குல்ல?

கந்தவேல்: கெடக்கட்டும். வடகவுஞ்சியில இருந்து ஒரு பிள்ள இந்தியா ஃபுட்பால் டீம் கேம்ப் வரைக்கும் போயிருக்கு. ஆடப் பழக்குனவன் பாக்க வேணாமா?

தமிழ்மதி: பாருங்க. கேள்வி மட்டும் கேக்காதீங்க.

கந்தவேல்: நான் கேக்கலைன்னா உங்க கோச்சம்மா விட்டுருவாங்களாக்கும்?

தமிழ்மதி: விட மாட்டாங்க. எடது ஓரத்துக்கு எதுக்குப் பந்தப் போடுறன்னு கேட்டுருக்காங்க. திரும்பிப் போனதும் சரியான பதில் சொல்லலைன்னா... மெயின் டீம்ல என் பேரு இருக்காது.

கந்தவேல்: அப்ப எங்கிட்டச் சொல்லிப் பழகு. இந்தச் சாக்குதான் மைதானம். பூண்டுப்பல்லு ஆளுக. பின்னால மூணு, நடுவுல நாலு, முன்னால மூணு. சரியா?

தமிழ்மதி: ஐயோ, அங்க வைக்காதீங்க! எடது ஓரம் காலி. அங்க ஆடுற நம்ம பிள்ள உள்ளாற வந்து என் பக்கத்துல நிக்கும்.

கந்தவேல்: சரி, எடுத்துட்டேன். ஆளே இல்லாத ஓரத்துல நீ பந்தப் போடுற...

தமிழ்மதி: எதிர் டீம் டிஃபெண்டர் அங்க ஓடுவா. அவ விட்ட எடத்த அடைக்க நடுவுல நிக்கிறவ நகருவா. நடு தெறந்துரும். பின்னால இருந்து நம்ம பிள்ள ஓடியாந்து ஓரத்துப் பந்தப் புடிச்சு, தெறந்த நடுவுக்குத் தள்ளுனா, கோல்.

கந்தவேல்: அடி சக்க! இதையே சொல்லிர வேண்டியதுதான?

தமிழ்மதி: சொன்னேன். நம்பல.

கந்தவேல்: ஏனாம்?

தமிழ்மதி: ...மெதுவா ஓட்டிப் பாருங்க. என்னப் பாக்காதீங்க, அந்த டிஃபெண்டரப் பாருங்க.

கந்தவேல்: பந்து இன்னும் உன் காலுலதான் கெடக்கு... நீ தலையக்கூடத் தூக்கல... அட ஆத்தே! அதுக்குள்ள அந்தப் பிள்ள எதுக்கு ஓரத்தப் பாத்துத் திரும்புது?

தமிழ்மதி: கோச்சம்மாவும் அதத்தான் கேட்டாங்க.

கந்தவேல்: ஒவ்வொரு தடவையுமா?

தமிழ்மதி: ஒவ்வொரு தடவையும். மேட்ச் முடிஞ்சதும் அந்த டிஃபெண்டர் பிள்ளயே எங்கிட்ட வந்துச்சு. "ஓரத்துல சத்தம் குடுத்துட்டு ஓடுனாளே, அவ எங்க? காணோமே"ன்னு...

கந்தவேல்: ஓரத்துலதான் ஆளே இல்லியே!

தமிழ்மதி: மாமா? மேகம் எறங்குது. உள்ள போயிருவமா?

கந்தவேல்: இரு. மேகம் எறங்குனா நம்ம ஊர்ல எப்பிடி ஆடுவோம்?

தமிழ்மதி: கண்ணு தெரியாது. கூப்பிடுற சத்தத்துக்குப் பந்தப் போடணும். கூப்பிடுறவங்க ரெண்டு தடவ கூப்பிடணும்.

கந்தவேல்: ஒத்தக் கொரல் கேட்டா?

தமிழ்மதி: வாயத் தெறக்கக் கூடாது. அது மனுசக் கொரல் இல்ல. யாரு பதில் சொல்றாங்களோ அவங்களக் கூட்டிட்டுப் போயிரும், மத்தவங்கள விட்டுரும். நீங்க சொல்லிக்குடுத்ததுதான?

கந்தவேல்: அங்க எத்தன தடவ கேட்டுச்சு?

தமிழ்மதி: ஒவ்வொரு பந்துக்கும் ஒத்தத் தடவ. நம்மகூட எடது ஓரத்துல ஆடுன தேவசேனா அக்கா கொரலு மாமா. பள்ளத்துல விழுந்த பந்த எடுக்கப் போயி, மேகத்துக்குள்ள தவறி விழுந்து செத்தாளே... அதே கொரலு. பயந்தான். ஆனா அக்கா பந்து கேட்டா எப்பிடிக் குடுக்காம இருப்பேன்? வாயத் தெறக்கல மாமா, சத்தியமா. பந்த மட்டுந்தான் குடுத்தேன்.

கந்தவேல்: இன்னைக்கு வாய் தெறக்கல. இன்னொரு நாளு?

தமிழ்மதி: உங்களுக்கு வருத்தமா இருக்கா? உங்க ரெண்டு பேரு கல்யாணத்துக்குப் பொடவ எடுத்த பெறகு போனவ... உங்களக் கூப்பிடாம என்னக் கூப்பிடுறாளேன்னு.

கந்தவேல்: வெரசாக் கெளம்பு. பழனியில ரயிலப் புடிக்கணும்.

தமிழ்மதி: கோச்சம்மாகிட்ட என்னத்தச் சொல்ல?

கந்தவேல்: ஓரத்துல ஒரு ஆள நிறுத்தச் சொல்லு.

தமிழ்மதி: மாமா! அந்தச் சத்தம் இருக்கப்போயித்தான அவங்க ஆளுக ஏமாறுறாங்க! அது இல்லைன்னா நான் டீம்லயே இல்ல.

கந்தவேல்: டீம்ல இல்லைன்னாலும் உசுரோட இருப்பல்ல. இனிமே உன்னக் கூப்பிட மாட்டா, தாயி. நேத்து வெள்ளனே பூண்டுக்காட்டுல ஒத்தத் தடவ என் பேரச் சொன்னா... "இந்தா வர்றேன்"னு சொல்லிட்டேன்.