கசெற் அட்டையில் ஒரு முகம்

ரொறன்ரோவில், வீடியோ கசெற் திருப்பிக் கொடுக்கிற வரிசையில் எனக்கு முன்னால் ஒரு கணவனும் மனைவியும் நின்றார்கள்.

“உவன் இந்தப் படத்திலை ஒரேயொருக்காத்தான் வாறான். கோப்பியை வைச்சிட்டுப் போறான், வாயே திறக்கேல்லை,” என்றார் மனைவி, கையிலிருந்த கசெற்றின் அட்டையில் பெரிதாகத் தெரிந்த நடிகனின் முகத்தைக் காட்டி.

“அது அவன்ரை முதல் படமப்பா. ஹொலிவூட்டிலை இவ்வளவு பெரிய ஆளா வருவானெண்டு அப்ப ஆருக்குத் தெரியும்?”

“அதுக்காக இப்ப அட்டை முழுக்க அவன்ரை மூஞ்சையைப் போடுறதோ?”

“ஒரு கசெற்றுக்கு இவ்வளவு கோவமோ?”

“உங்கடை அண்ணரும் எங்கடை கலியாண வீடியோவிலை பந்தியிலை இருந்து பாயாசம் குடிக்கிறார், அவ்வளவுதான். இப்ப, தானே முன்னுக்கு நிண்டு கலியாணத்தை நடத்தி வைச்சதெண்டு சொல்லித் திரியிறார். உவனாவது கோப்பி கொண்டுவந்து வைச்சவன்.”