எட்டு லாரித் தண்ணீர்

கணக்கு எதற்கு என்று கேட்டீர்கள். பதில் தெரியாதவன்தான் கதை சொல்லித் தப்பிப்பான். நானும் ஒரு குட்டிக் கதை சொல்லித் தப்பிக்கப் பார்க்கிறேன். கைதட்டலைக் கடைசிக்கு வைத்துக்கொள்ளுங்கள். அப்போதும் தட்டத் தோன்றினால் தட்டலாம்.

மழை எட்டிப் பார்க்காத ஓர் ஊர். அங்கே ஒரு பெண்கள் கல்லூரி. முதலாண்டில் 'தோராயக் கணக்கு' என்று ஒரு பாடம். கையில் அளவுகோல் இல்லாதபோது, தெரிந்ததை வைத்து ஏறக்குறைய ஒரு விடைக்கு வருவது. நல்ல பாடம். அதற்கும் ஒரு கைடு வந்துவிட்டது. 'ஒரு பேருந்துக்குள் எத்தனை எலுமிச்சம்பழம் கொள்ளும்?' கைடு சொன்னது: தோராயமாக 4,86,213. பிள்ளைகள் மனப்பாடம் செய்தார்கள். ஒருத்தி 4,86,212 என்று எழுதிவிட்டாள். அரை மார்க் போயிற்று.

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள்... இப்போதே சிரித்துவிடுங்கள்.

அந்தக் கல்லூரிக்கு ஆய்வுக் குழு வருவதாக இருந்தது. நீச்சல் குளம் இருந்தால் கல்லூரிக்கு மதிப்பெண் கூடும் என்று யாரோ தாளாளர் காதில் போட்டார்கள். குளம் வெட்ட நேரமில்லை. விடுதிச் சாப்பாட்டுக் கூடத்துக்கு மேலே மொட்டை மாடி இருந்தது. நாலு பக்கமும் கைப்பிடிச் சுவர் இருந்தது. தாளாளர் நீலத் தார்ப்பாயை விரித்து எட்டு லாரித் தண்ணீரை ஏற்றினார். சனிக்கிழமை குளம் தயார்.

முதலாண்டில் செண்பகவல்லி என்று ஒரு பெண். அப்பா வெளியூரில் தண்ணீர் லாரி ஓட்டுகிறவர். அவள் ஜன்னல் வழியாக லாரிகளை எண்ணினாள். எண்ணிவிட்டுக் கணக்கு ஆசிரியர் திரவியத்திடம் ஓடினாள்.

"சார், லாரிக்குப் பன்னெண்டாயிரம் லிட்டர். லிட்டருக்கு ஒரு கிலோ. மெஸ் மாடி மேல தொண்ணூத்தாறு டன் நிக்கி சார். யானைக்கு நாலு டன்னு வச்சாலும் இருவத்து நாலு யானை!"

"யானைக் கணக்கு சிலபஸ்லயே கிடையாதேம்மா."

அவள் விடவில்லை. தாளாளரிடம் போனாள். அவர் பொறுமையாகவே கேட்டார்.

"யானைன்னா நாலு கால்ல நிக்கும். தண்ணி பரவித்தானம்மா நிக்கிது? கனமே தெரியாது."

"பரவினாலும் சதுர மீட்டருக்கு எண்ணூறு கிலோ ஐயா. அந்தக் கட்டத்துக்குள்ள பன்னெண்டு ஆளு நிக்கிற மாதிரி, மாடி பூராவும். அது துணி காயப்போடப் போட்ட மாடி ஐயா."

"நீ எந்த வருசம்?"

"ஃபர்ஸ்ட் இயர் ஐயா."

"கட்டடம் கட்டுனது என் மச்சினன். அவனுக்குத் தெரியாதது உனக்குத் தெரிஞ்சிருச்சாக்கும்?"

அவள் சொன்னதைக் காது கொடுத்துக் கேட்டது ஒரே ஓர் ஆள். சமையல்கார லூர்தம்மாள்.

"மேல அவ்வளவு தண்ணி கிடக்குங்கிற... கீழ குழாய்ல சொட்டு வரலியே பிள்ள! சரி, தட்டத் தூக்கிட்டு மரத்தடிக்குப் போ."

"நீங்களும் வாங்கக்கா."

"அடுப்பு இங்கல்லா இருக்கு."

செண்பகவல்லியோடு பதினான்கு பேர் மரத்தடியில் உட்கார்ந்து சாப்பிட்டார்கள்.

திங்கட்கிழமை பருவத் தேர்வு. கேள்வி என்ன தெரியுமா? 'சொந்த உதாரணம் ஒன்றைக் கொண்டு தோராயக் கணக்கை விளக்குக. ஐந்து மதிப்பெண்.' அறுபது பேர் எழுதினார்கள். ஐம்பத்தொன்பது பேருடைய சொந்த உதாரணம் எலுமிச்சம்பழம். செண்பகவல்லி மாடியை எழுதினாள். லாரி, லிட்டர், கிலோ, சதுர மீட்டர்... எல்லாம் எழுதி, கீழே ஒரு வரி சேர்த்தாள்: 'இதைத் திருத்துகிறவர் தயவுசெய்து யாரிடமாவது சொல்லவும்.' விடைத்தாள் வெளியூருக்குத்தானே போகும்? அங்கே கணக்குத் தெரிந்தவர் ஒருவர் இருப்பார் என்று நம்பினாள்.

செவ்வாய்... மாடி நின்றது. புதன்... நின்றது. "பாத்தியா, தாங்குதுல்ல?" என்றார் திரவியம். நேற்று விழவில்லை, அதனால் இன்றும் விழாது. இதுவும் ஒரு கணக்குதான்.

புதன் மாலை விடுதிப் பலகையில் ஓர் அறிவிப்பு. 'நாளை ஆய்வுக் குழு வருகை. மரத்தடியில் உணவு உண்ணும் மாணவியர் மீது ஒழுங்கு நடவடிக்கை எடுக்கப்படும்.' பதினைந்து பேரும் உள்ளே போனார்கள்.

வியாழன், பகல் ஒரு மணி. முதல் பந்தி.

மாடி நிற்கவில்லை. ஏழு பேர் போனார்கள். லூர்தம்மாள் அடுப்படியில் இருந்தாள். செண்பகவல்லி தூண் ஓரமாக இருந்தாள். தூண் ஓரம் கொஞ்சம் பலமாக இருக்கும் என்று அவள் யோசித்துத்தான் உட்கார்ந்திருக்க வேண்டும். ஆய்வுக் குழு அந்த நேரம் நூலகத்தில் காபி குடித்துக்கொண்டிருந்தது.

இரண்டு மாதம் கழித்துத் தேர்வு முடிவு வந்தது. அவளுக்கும் வந்தது. இறந்தவர்களை நீக்கப் பட்டியலில் வழி இல்லை. அப்பா விடைத்தாள் நகல் வாங்கிப் பார்த்தார். அந்த ஐந்து மதிப்பெண் கேள்விக்குப் பக்கத்தில் சிவப்பு மையில் ஒரு பூஜ்யம். தேர்வுப் பிரிவு ஜன்னலில் போய் நின்றார்.

"பன்னெண்டாயிரம் லிட்டருங்கிறது நான் சொல்லிக் குடுத்தது சார். அது தப்பா?"

"தப்பு சரி எனக்குத் தெரியாதுங்க. விடைக்குறிப்புல எலுமிச்சம்பழம்னு இருக்கு. மறுமதிப்பீட்டுக்கு எழுதிக் குடுங்க."

எழுதிக் கொடுத்தார். பதில் வந்தது. 'மாற்றம் இல்லை.'

விசாரணைக் குழுவும் ஒரு விடை சொன்னது. இரண்டு வருடம், நானூறு பக்கம். மாடியில் இருந்த நீரின் எடை 95,840 கிலோ. துல்லியமான விடை. செண்பகவல்லியின் கணக்கில் நூற்று அறுபது கிலோ பிழை இருந்தது.

பிள்ளைகளே, அவள் விடையில் பிழை இருந்தது. ஆனால் அது சனிக்கிழமையே வந்தது. குழுவின் விடையில் பிழை இல்லை; அது வரும்போது சாப்பிட ஆள் இல்லை. தோராயம் என்றால் அரைகுறை என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். ஓடுவதற்கு நேரம் இருக்கும்போதே கிடைக்கிற விடைக்குப் பெயர்தான் தோராயம். அதை மனப்பாடம் செய்கிறவன் கணக்குப் படிக்கவில்லை, எலுமிச்சம்பழம் எண்ணுகிறான். பெரியவர்களே, உங்களுக்கும் ஒன்று. ஒரு பிள்ளை எண்ணோடு வந்து நின்றால், எந்த வருசம் என்று கேட்காதீர்கள். எந்த எண் என்று கேளுங்கள்.

இந்த அரங்கத்தில் ஓர் ஐந்நூறு பேர் இருக்கிறீர்கள். தலைக்கு மேலே என்ன இருக்கிறது என்று உள்ளே வரும்போது யாராவது பார்த்தீர்களா?

...கைதட்ட வேண்டாம். முதலில் பாருங்கள்.