பாட்டில் ஒரு விகுதி

திருவனந்தபுரத்தில், கழக்கூட்டத்திலிருந்து கிழக்கேகோட்டைக்குச் செல்லும் பேருந்தில், என் முன்னிருக்கையில் ஓர் இளம் பாடகரும் அவருடைய அக்காவும் பேசிக்கொண்டிருந்தனர்.

“மலையாளத்தில ‘வந்நு’ன்னு பாடினா வந்தது ஆணா பொண்ணான்னே தெரியாது. தமிழ்ல மறைக்க முடியலையேக்கா.”

“உன் ஆள் ஆம்பளைன்னு மேடையிலயே சொன்னவன்தானே நீ. இப்ப மறைக்கறதுக்கு என்னடா இருக்கு?”

“எனக்கொண்ணுமில்லை. ‘வந்தாள்’னு மாத்தினாத்தான் கம்பெனி பாட்டை வெளியிடுமாம். நான் ‘வந்தான்’னுதான் பாடுவேன்.”

ஒரு விகுதிக்காக ஒரு பாட்டே நின்றுபோகக்கூடும் என்று நான் அதுவரை எண்ணியதில்லை.

“அம்மாவும் அதை மாத்தத்தான் சொன்னா,” என்றார் அக்கா.

“அம்மாவுமா?” அவர் குரல் தாழ்ந்துவிட்டது.

“‘நம்மாத்து மாப்பிள்ளையை வந்தான்னு சொல்றதுண்டோ? வந்தார்னு பாடச் சொல்லு’ன்னு சொன்னா.”