ஊர் முன் வாசித்த ஓடுதளம்

மேடையில் அமர்ந்திருக்கும் ஆட்சியர் அவர்களே, கொம்யூன் பஞ்சாயத்துத் தலைவர் அவர்களே, தாயை இழந்து முன்வரிசையில் இருக்கும் நுஸ்ரத் அவர்களே, நெடுங்காட்டிலிருந்தும் மண்டபத்தூரிலிருந்தும் இன்றைய வேலையை விட்டுவிட்டு வந்திருக்கும் பெரியோர்களே, தாய்மார்களே! வணக்கம், அஸ்ஸலாமு அலைக்கும்.

கண்காணிப்புப் பொறியாளர் ஹஃபீஸா அவர்கள் மறைந்து இன்றோடு பன்னிரண்டு நாள். எனக்கு முன்னால் பேசிய ஐந்து பேரும் அவரைப் பொறுமையின் வடிவம் என்றார்கள். மன்னிக்கவும். அவருக்குக் கீழே நான்கு வருடம் வேலை பார்த்தவன் நான். அவருக்குப் பொறுமையே கிடையாது. பிடிவாதம் இருந்தது. அந்தப் பிடிவாதத்தின் மேல்தான் இன்று நம் காரைக்காலில் விமானம் இறங்குகிறது!

விமான நிலையத்தைக் கட்டியது ஒரு தனியார் நிறுவனம். ஒழுங்காகக் கட்டுகிறார்களா என்று அரசு சார்பில் பார்ப்பது எங்கள் பிரிவு. எங்கள் ஆய்வறிக்கை எங்கே போகும்? தலைமை அலுவலகத்துக்குப் போகும். அங்கே ஓர் அலமாரிக்குப் போகும். ஹஃபீஸா மேடம் வந்தார், ஒரே ஒரு வழக்கத்தைக் கொண்டுவந்தார். கையெழுத்தாகும் முன் எந்த அறிக்கையும் கொம்யூன் அலுவலக வாசலில், மைக் வைத்து, ஊர் முன் வாசிக்கப்பட வேண்டும். எழுதியவரே வாசிக்க வேண்டும்.

நான் சண்டை போட்டேன். "மேடம், இது டெக்னிக்கல் ரிப்போர்ட். வயல்ல நிக்கிறவங்களுக்கு என்ன புரியும்?"

"அப்ப புரியிற மாதிரி எழுதிட்டு வாங்க, மணிபாரதி. சாயங்காலம் நாலு மணிக்கு மைக் வந்துரும்."

வாசித்தேன். மே மாதம் எடுத்த அளவுகள். பதினோராம் பக்கம்: 'ஓடுதளத்தின் மேற்குப் பகுதியில் குறுக்கே, நீர் இல்லாத, பயன்பாட்டில் இல்லாத பள்ளம் ஒன்று உள்ளது. மண் கொட்டி நிரப்பலாம்.' நெடுங்காட்டில் நடவு வேலை பார்க்கும் காசியம்மா எழுந்தார்.

"தம்பி, நீ எந்த மாசம் வந்து பாத்தே?"

"மே மாசம்மா."

"மே மாசத்துல காவேரியே காஞ்சுதான் கெடக்கும். அதையும் பள்ளம்னு எழுதிருவியா? அது எங்க வடிவாய்க்கால்ப்பா. கார்த்திகையில வந்து எறங்கிப் பாரு, உன் கழுத்தளவு ஓடும்!"

ஊரே சிரித்தது. எனக்குக் காது சுட்டது. கருவி வைத்து அளந்தவன் நான். ஒரு மில்லிமீட்டர் பிசகவில்லை. ஆனால் நெடுங்காட்டு வயல்களின் மழைத்தண்ணீரைக் கடலுக்குக் கொண்டுபோகிற வாய்க்காலை மூடச் சொல்லியிருந்தேன்! மூடியிருந்தால்? சம்பாப் பயிர் முழுகியிருக்கும். ஓடுதளமும் குளமாகியிருக்கும்.

மேடம் வேலையை நிறுத்தினார். ஓடுதளத்துக்கு அடியில் வாய்க்கால் தண்ணீர் போக மூன்று கண் பாலம் கட்டும்வரை கையெழுத்து இல்லை என்றார். ஒரு வருடம் தாமதம்! திட்டாத வாய் உண்டா? வளைகுடாவில் பிள்ளைகளை வைத்துக்கொண்டு, திருச்சிக்கும் சென்னைக்கும் கார் பிடித்தே ஓய்ந்த குடும்பங்கள் ஆயிற்றே! ஜவுளிக்கடை ஜெய்னுலாபுதீன் பாய் அலுவலகத்துக்கே வந்துவிட்டார்.

"ஏம்மா, ஒரு வாய்க்காலுக்காக ஏரோப்ளேன நிறுத்துன ஒரே ஆளு ஒலகத்துலயே நீதாம்மா!"

"டீ ஆறுது நானா, குடிச்சிட்டுத் திட்டுங்க" என்று அண்ணன் முறை வைத்தே சொன்னார் மேடம்.

நானும் திட்டினேன். தப்பு என்னுடையது, திட்டு அவருக்கு.

பாலம் முடிந்தது, நிலையமும் திறந்தது. வந்தது போன கார்த்திகை. மூன்று நாள் விடாத மழை. நாகப்பட்டினம் சாலையில் இடுப்பளவு தண்ணீர், பஸ் இல்லை. நான்காம் நாள் காலை, சென்னை விமானம் நம் ஓடுதளத்தில் இறங்கியது! தேங்கிய தண்ணீர் ஒரு கை அளவுகூட அங்கே இல்லை! பாயின் மகன் ஃபயாஸ் அதில் வந்தார். மகனைக் கட்டிப்பிடித்த கையோடு பாய் கேட்டார்: "அந்தப் புள்ள எங்க?"

மேடம் நிலையத்திலேயே இல்லை. ஓடிப்போய்ப் பார்த்தேன். குடை பிடித்தபடி பாலத்தருகே நின்றிருந்தார், பக்கத்தில் காசியம்மா. இருவரும் விமானத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"மேடம், ப்ளேன் எறங்கிருச்சு!"

"அது எறங்கும். இங்க பாருங்க, மூணு கண்ணுலயும் ஒரே மாதிரி போவுது!"

வென்றார் ஹஃபீஸா! ஒரு வயல் முழுகவில்லை. ஒரு விமானம் திரும்பிப் போகவில்லை. இதைவிட ஒரு பொறியாளருக்கு வேறென்ன வெற்றி வேண்டும்?

இப்போது பெரிய விமானங்களுக்காக ஓடுதளத்தை அறுநூறு மீட்டர் நீட்டப்போகிறோம். அறிக்கை எழுதியவன் நான். நேற்று தலைமை அலுவலகத்திலிருந்து எனக்கு ஒரு கடிதம் வந்தது. காலதாமதத்தைத் தவிர்க்க, இனி அறிக்கையை இணையதளத்தில் ஏற்றினால் போதுமாம். ஊர் முன் வாசிப்பது நிறுத்தப்படுகிறதாம். அவர் கண் மூடிப் பன்னிரண்டு நாள்கூட ஆகாமல்! எவ்வளவு வேகம்! வேகம் எனக்கும் பிடிக்கும். இந்தக் கூடத்தில் என்னைவிட அவசரக்காரன் கிடையாது. அதனால்தான் சொல்கிறேன், என்னைப் போன்றவன் எழுதியதை மட்டும் நம்பி யாரும் மண் கொட்டாதீர்கள்.

ஆட்சியர் அவர்களே, அந்தக் கடிதத்துக்கு என் பதிலை உங்கள் முன்னிலையிலேயே தருகிறேன். ஊர் கேட்காத எந்த அறிக்கையிலும் என் கையெழுத்து விழாது. என்னை மாற்றினால், வருகிறவரிடமும் இந்த ஊர் மைக்கை நீட்டும். ஹஃபீஸா மேடத்துக்காக ஒரு நிமிடம் மௌனமாக நின்றோம். போதும், அவருக்கு மௌனம் பிடிக்காது. மைக் இருக்கிறது, ஊர் இருக்கிறது, அறிக்கை என் பையில் இருக்கிறது.

காசியம்மா வந்திருக்காங்களா? மூணாவது வரிசையா, முன்னால வாங்கம்மா. இந்தத் தடவை மே மாசமும் அளந்தேன், கார்த்திகையிலயும் அளந்தேன். அப்படியும் தப்பு இருந்தா எழுந்து சொல்லுங்க.

காரைக்கால் ஓடுதள நீட்டிப்பு. பக்கம் ஒன்று.