தாளின் அடியில் என் எழுத்து

விழாவுக்குத் தலைமை ஏற்று, இவள் பேச்சு நீளுமோ என்று இப்போதே கடிகாரத்தைப் பார்க்கும் மேயர் ஹேஸல்டைன் அவர்களே! ஒஹையோ மண்ணை உழுது உயர்ந்த பெரியோர்களே! பின்னால் ருபார்ப் பை என்னும் இனிப்புப் பலகாரம் சுட்டு அடுக்கி வைத்திருக்கும் தாய்மார்களே! மூன்றாம் வரிசையில் யாரோடும் பேசாமல் அமர்ந்திருக்கும் ஜூடித் ப்ரூயிட் அவர்களே! அனைவருக்கும் லொரெய்ன் டூசெக்கின் பணிவான வணக்கம்.

இந்த ஊர் ஈன்ற காரெட் வாஸின் பெயரை இம்மன்றத்துக்குச் சூட்டப் போகிறீர்கள். அவர் அதிபரின் உதவியாளராக இருந்தபோது அதிபர் மாளிகையில் அவருக்குத் தட்டச்சு செய்தவள் என்பதால், வாழ்த்திப் பேச என்னை அழைத்தீர்கள். வந்துவிட்டேன். வாழ்த்தத்தான் நா எழவில்லை.

அன்றைய அதிபர் ஒரு பத்திரிகையாசிரியரின் தொலைபேசியை ஒட்டுக்கேட்டார், பிடிபட்டார், பதவி இழந்தார். அவருக்கு வெள்ளையடிக்க நான் வரவில்லை. ஆனால் உள்ளே இருந்தவர்களில் உத்தமர் யார்? உலுத்தர் யார்? வாஸ் உத்தமர், சட்ட ஆலோசகர் டேனியல் ப்ரூயிட் சதிகாரர் என்று நம் பிள்ளைகள் படிக்கிறார்கள். எதை வைத்து? ஒரே ஒரு தாளை வைத்து! "இது ப்ரூயிட்டின் திட்டம், சட்டவிரோதம், வேண்டாம்" என்று வாஸ் அதிபரை முன்கூட்டியே எச்சரித்ததாகச் சொல்லும் தாள். தேதி, மார்ச் ஒன்பது. அந்தத் தாள் ஒருவரை வீரராக்கியது. ஒருவரைச் சிறைக்கு அனுப்பியது.

மார்ச் இருபத்து மூன்று. விஷயம் வெளியே வந்து ஊரே நாறிக்கொண்டிருந்த காலை. வாஸ் என் மேசைக்கு வந்தார்.

"லொரெய்ன், இதை அடிச்சுக் குடும்மா. தேதி மட்டும் ஒன்பதுன்னு போடு."

"இன்னைக்கு இருபத்து மூணு ஆச்சே சார்?"

"அன்னைக்கு வாயால சொன்னதை இப்போ எழுத்துல வைக்கிறோம். உனக்கெதுக்கு இந்த விசாரணையெல்லாம்?"

அடித்தேன். எங்கள் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. தாளின் இடது அடியில், சொன்னவர் பெயரின் முதலெழுத்துகள், பக்கத்தில் தட்டச்சு செய்தவர் பெயரின் முதலெழுத்துகள். பழகிய கை. அன்றும் தானாகவே போட்டுவிட்டது. மார்ச் ஒன்பதாம் தேதி இந்த லொரெய்ன் எங்கே இருந்தாள்? பிட்ஸ்பர்கில்! அக்காள் திருமணத்தில்! விடுப்பில் போனவள் அந்தத் தாளை எப்படி அடித்திருக்க முடியும்? விசாரணைக் குழு படித்தது, நீதிமன்றம் படித்தது, நாடே படித்தது. அடியில் யார் பார்த்தார்கள்?

என்ன ஐயா, பின்னாலிருந்து? "அம்பது வருஷமா வாயை மூடிக்கிட்டு இருந்துட்டு, இப்ப என்ன திடீர் ஞானோதயம்?" என்கிறீர்களா? கேளுங்கள், உரக்கக் கேளுங்கள்! முதலில் பயம். பிறகு பதவி உயர்வு. பிறகு வெட்கம். "அந்தத் திட்டம் என்னோடது இல்லை" என்று ப்ரூயிட் தொலைக்காட்சியில் கெஞ்சினார். நாடு சிரித்தது. நான் அடுப்பில் முட்டை பொரித்தபடி கேட்டுக்கொண்டிருந்தேன். அதை நினைத்தால் இன்றும் என் மீதே எனக்கு அருவருப்பாக இருக்கிறது.

வாஸ் விசாரணைக் குழுவின் முன் அதிபருக்கு எதிராகச் சாட்சி சொன்னதெல்லாம் உண்மை. அதற்குத் துணிச்சல் வேண்டும், மறுக்கவில்லை. அத்தனை உண்மையின் நடுவே வைத்ததால்தான் அந்த ஒரு பொய் விலைபோயிற்று. உள்ளே இருந்தவர் சொன்னால் சரியாக இருக்கும் என்கிறோம். உள்ளே இருந்தவருக்கு உண்மை தெரியும், அதை எந்த இடத்தில் திருத்தினால் தெரியாது என்பதும் தெரியும். எனக்கும் தெரிந்திருந்தது. நானும் உள்ளே இருந்தவள்தானே?

ஜூடித் அவர்களே, எழ வேண்டாம், அழவும் வேண்டாம். உங்கள் அப்பா இறந்த பிறகு வந்து சொல்கிறேன், அதற்கு மன்னிப்புக் கேட்கும் தகுதிகூட எனக்கில்லை. அவர் பொய் சொல்லவில்லை. பொய்யை அடித்தவள் நான்.

மேயர் அம்மா, வாஸின் பெயர்ப்பலகையை மூடியிருக்கும் திரையின் கயிறு உங்கள் கையில் இருக்கிறது. இதோ அந்தத் தாளின் நகல், என் விடுப்புச் சீட்டு, அக்காள் திருமணப் படம். படியுங்கள். அடிவரைக்கும் படியுங்கள். அப்புறம் கயிற்றை இழுப்பதா, விடுவதா என்று இந்த ஊர் சொல்லட்டும்.

பை ஆறும்வரை பொறுத்துக் கேட்டீர்கள். என் நன்றியும் வணக்கமும்.